ஆடிக் காற்றும் புரூக்ஸ் பி17 தோல் சீட்டும்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் டயர், கியர், கேரியர் பை என்று எதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். சீட் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், ‘அது அவரவர் உடம்பைப் பொறுத்தது’ என்று முடித்துவிடுவார்கள். அது சரிதான். ஆனாலும் புரூக்ஸ் பி17 பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே விஷயம் இருக்கிறது. நான் இருப்பது வேலூரில். ஆனி, ஆடியில் இங்கே மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை எதிர்த்து ஓட்டினால் ஒரு சீட் நல்லதா கெட்டதா என்பது அரை நாளில் தெரிந்துவிடும். அப்புறம், எனக்குச் சோறு போடுவதே தோல்தான். வந்த தோலை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரிக்கும் அசார்ட்மென்ட் வேலை. அதனால் இந்தச் சீட்டை ஓட்டுகிறவனாகவும் பார்க்கிறேன், தோல்காரனாகவும் பார்க்கிறேன்.

புரூக்ஸ் 1866-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் குதிரைச் சேணமும் தோல் வாரும் செய்யத் தொடங்கிய கம்பெனி. முதலாளியின் குதிரை செத்துப்போக, அவர் சைக்கிளுக்கு மாறினாராம். அதன் சீட்டில் உட்கார முடியாமல் தானே ஒன்று செய்ய ஆரம்பித்தார் என்று கம்பெனி தன் கதையைச் சொல்கிறது. பி17 என்ற இந்த மாடல் நூறு வருடத்துக்கும் மேலாக, வடிவம் பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. சுமார் 27 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

செய்திருக்கிற விதம் ரொம்ப எளிமை. ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் தடிமனில் ஒரே துண்டு மாட்டுத்தோல். மூக்கில் ஒரு இரும்புப் பிடி, பின்னால் வளைந்த ஒரு இரும்புத் தகடு, இரண்டுக்கும் இடையே தோலை இழுத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். அடியில் பஞ்சு கிடையாது, ஜெல் கிடையாது, பிளாஸ்டிக் ஓடு கிடையாது. கயிற்றுக் கட்டிலில் படுத்தால் நம் பாரத்துக்குத் தகுந்தபடி கயிறு இறங்கிக் கொடுக்குமே, அதே வேலைதான். கட்டில் தொய்ந்தால் கால்மாட்டில் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். இதில் மூக்குக்கு அடியில் அதற்கென்றே ஒரு போல்ட் இருக்கிறது.

இந்தத் தோல் குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்தியதாக இருந்தால் சீட்டுக்கு ஆகாது. ஷூவின் மேல்தோலுக்குக் குரோம் அருமையானது. சீக்கிரம் பதமாகும், மெத்தென்று இருக்கும், வளைத்துவிட்டு விட்டால் பழையபடி வந்துவிடும். அப்படித் திரும்பி வருகிற குணம்தான் சீட்டுக்கு வேண்டாதது. மரப்பட்டையின் துவர்ப்பு ஏறிய தோல் வேறு ரகம். வாரக்கணக்கில் ஊறிப் பதமாகும், விறைப்பாக நிற்கும். உடம்புச் சூட்டிலும் வியர்வை ஈரத்திலும் நாள்பட அழுத்தினால், அந்த அழுத்தத்தின் வடிவத்தை மெல்ல வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளும். நம் பக்கத்திலும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பல் ஏறியது. அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இப்போது வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பெரும்பாலும் குரோம்தான் ஓடுகிறது. பட்டை போட்ட கனத்த தோலைக் கையில் எடுத்தால் எனக்கு இன்னும் ஒரு சந்தோஷம் வரும். இந்தச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதும் அது வந்தது.

எதிர்காற்றில் சீட் ஏன் இவ்வளவு முக்கியம் என்று பலர் யோசிப்பதில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காற்றே இல்லாத சாலையில் மணிக்கு 20 கி.மீ. போகிறவர் மேல் படும் தடையை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 20 கி.மீ. எதிர்காற்றில் அதே வேகத்தில் போனால் உடம்பில் படும் காற்று 40 கி.மீ. ஆகி, 4 பங்கு தடையைத் தள்ள வேண்டும். அப்படி யாரும் தள்ளிக்கொண்டே போக முடியாது. 12, 13-க்கு இறங்கிவிடுவோம். மூன்று மணி நேரத் தூரம் ஐந்து மணி நேரமாகும். எழுந்து நின்று மிதித்து இடுப்புக்கு ஓய்வு கொடுக்கலாம் என்றால், நின்றதும் நெஞ்சு முழுக்கக் காற்றை வாங்கி இன்னும் மெதுவாகிறது. இறக்கத்திலும் சும்மா உருள முடியாது, மிதித்தாக வேண்டும். ஆகவே குனிந்தபடி, உட்கார்ந்தபடி, இடம் மாறாமல் மணிக்கணக்கில் போகிறோம். குனியக் குனிய இடுப்பு முன்னால் சாய்ந்து, பாரம் உட்காரும் எலும்பிலிருந்து நழுவி மெல்லிய சதைக்கு வருகிறது. சுளுவாகப் போன நாட்களில் எந்தக் குறையும் காட்டாத சீட், காற்றடிக்கிற நாளில் மானத்தை வாங்கிவிடும்.

அதற்காகத்தான் ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை வைத்து இதை எழுதுகிறேன். வேலூரிலிருந்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் வழியாக ஆலங்காயம், அங்கிருந்து வாணியம்பாடி, பிறகு ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக நெடுஞ்சாலையில் வீடு. 140 கிலோமீட்டருக்கு மேல் வரும். பின் கேரியரில் இரண்டு பை, தண்ணீர், டியூப், பம்ப். போகும்போது தென்மேற்கு, திரும்பும்போது வடகிழக்கு. காற்றோடு கணக்குப் பார்க்க இதைவிட நல்ல சுற்று எங்கள் பக்கம் இல்லை.

விடியும் முன் கிளம்பி ஸ்ரீபுரம் தாண்டி ஊசூர், அணைக்கட்டு வரை காற்று பெயருக்குத்தான் இருந்தது. ஆடிக் காற்று அப்படித்தான். வெயில் ஏறித் தரை சூடாகி, மேலே ஓடுகிற காற்று கீழே இறங்கிக் கலக்கும்வரை அடங்கியே இருக்கும். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும் ஒடுகத்தூரில் அன்று கூட்டமில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கடை வாசலில் கட்டியிருந்த பிளக்ஸ் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கைபேசியில் மணிக்கு 25 கி.மீ. காற்று என்று காட்டியது.

அங்கிருந்து ஆலங்காயம்வரைதான் பரீட்சை. இடது பக்கம் ஜவ்வாது மலை, வலது பக்கம் குன்றுகள், நடுவே காற்றின் வாயைப் பார்த்தே போகிற சாலை. போதாததற்கு ஏற்றம். வாழைத் தோப்புகளில் இலை எல்லாம் நார் நாராகக் கிழிந்து, தென்னை ஓலை அத்தனையும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. காதில் ஓயாத இரைச்சல். எதிரே பஸ் வந்தால் ஒரு கண் சிமிட்டும் நேரம் காற்று அறுபடும், அது கடந்ததும் மொத்தமாக வந்து நெஞ்சில் அறையும். அந்த இடைவெளிக்கு உடம்பு தயாராக இல்லாவிட்டால் ஹேண்டில்பார் ஆடிவிடும். புல்லுக்கட்டோடு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்த ஒருவர், பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, “காத்துக்கு எதுக்குண்ணா இந்தப் பாடு, திரும்பிப் போங்க” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மணி நேரங்களில் பி17 எப்படி இருந்தது என்று கேட்டால், கடினமாக இருந்தது. முதல் கிலோமீட்டரில் எவ்வளவு கடினமோ அவ்வளவேதான் ஐம்பதாவது கிலோமீட்டரிலும். அதன் பெருமையே அதில்தான் இருக்கிறது. இதற்கு முன் நான் ஓட்டிய ஜெல் சீட் ஒன்று, கம்பெனி பெயர் வேண்டாம், கடையில் அழுத்திப் பார்த்தால் விரல் புதையும், முதல் பத்து கிலோமீட்டர் சொகுசு. பிறகு எலும்பு அதில் அமிழ, நடுவில் பிதுங்குகிற ஜெல் தொடை இடுக்கில் முட்டி மரத்துப்போக வைத்தது. தோல் சீட்டில் எலும்புக்கு மட்டும் பள்ளம் விழுகிறது, மற்ற இடம் இழுத்துப் பிடித்தபடி நிற்கிறது. பாரம் எங்கே இறங்க வேண்டுமோ அங்கே மட்டும் இறங்குகிறது.

அந்தப் பள்ளங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தேன் நிறம் என்று வாங்கினேன், இப்போது கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. பின்பாதியில், கட்டைவிரல் வைத்தால் அடங்குகிற அளவில் இரண்டு குழி. சாய்வெயிலில் பார்த்தால் இடது குழி வலதைவிட ஒரு இழை ஆழம். எனக்குப் பேன்ட் தைப்பவர் ஒவ்வொரு முறையும் இடது கால் துணியை ஒரு நூல் கூட மடிப்பார், அதே கணக்கைச் சீட்டும் எழுதி வைத்திருக்கிறது. தொடை உரசுகிற ஓரங்கள் மட்டும் கண்ணாடிப் பளபளப்பு. மூக்கின் மேல் மாட்டின் பழைய கீறல் ஒன்று, மெல்லிய வெள்ளைக் கோடாக. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் அந்தக் கீறலுக்காக இதை ஒரு தரம் கீழே தள்ளியிருப்பேன். சீட்டில் அது எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

பளபளப்பு ஏற ஏற வழுக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜெல் சீட்டை மட்டமாக வைப்பது போல இதை வைத்தால், குனிந்து மிதிக்கும்போது உடம்பு முன்னால் சறுக்கி, பாரம் உள்ளங்கைக்கு வந்துவிடும். மூக்கை ஒரு துளி மேலே தூக்கி வையுங்கள். ஹேண்டில்பார் சீட் உயரத்துக்கோ, ஒரு விரற்கடை கீழேயோ இருக்கட்டும். ரேஸ் சைக்கிள் மாதிரி ரொம்பக் கீழே குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு இது அகலம்.

ஆலங்காயத்தில் காவலூர் சாலையைப் பார்த்தாலே மனசு மேலே இழுக்கும். 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் மலை. அதற்கு மார்கழி இருக்கிறது. வாணியம்பாடி பக்கம் திரும்பியதும் காற்று இடது விலாவுக்கு வந்தது. பக்கக் காற்றில் சைக்கிளைச் சாய்த்தே பிடிக்க வேண்டும், ஒரு பக்க எலும்பு கூடுதலாக உழைக்கும். தோல் வழுக்குவது இங்கே நல்லதாகப் போனது. அடிக்கடி அரை அங்குலம் அப்படி இப்படி நகர்ந்துகொள்ள முடிந்தது.

வாணியம்பாடியில் டீக்கடை ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து போய்ச் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்த கை என்பது அவர் தொட்ட விதத்திலேயே தெரிந்தது. மேலே தடவவில்லை. ஓரத்தை அடியிலிருந்து பிடித்து, வெட்டுவாயைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து அழுத்தி, தடம் மறைகிறதா என்று காத்திருந்தார்.

“பட்டைத் தோலாச்சே தம்பி இது?”

“ஆமா பாய்.”

“முதுகுப் பக்கம் போட்டிருக்கான். வயித்துத் தோலா இருந்தா இந்நேரம் தொங்கியிருக்கும்.” குனிந்து மோந்து பார்த்தார். “நம்ம கடுக்கா வாடை இல்ல. வேற பட்டை. அப்பல்லாம் ஹெர்குலிஸ், ராலே எல்லாத்துக்கும் தோல் சீட்டுதான், அடியில ரெண்டு ஸ்பிரிங்கோட. எங்க அத்தா சைக்கிள் சீட்டு அவரு போன பொறவும் அவரு உக்காந்த மாதிரியே கெடந்துச்சு. அதுக்கப்புறம் ரெக்சின் வந்துடுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “எண்ணெய் என்ன போடறே? தேங்காயெண்ணெய் போட்டுடாதே” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு இன்னொரு டீ சொன்னேன். தோல் சீட் வாங்குகிறவர்கள் அதைக் கெடுப்பது பெரும்பாலும் அன்பால்தான். எண்ணெய் அதிகம் போனால் நார் தளர்ந்து சீட் தொய்யும். கம்பெனியே புரூஃபைட் என்று ஒரு மெழுகு விற்கிறது. விலங்குக் கொழுப்பு, தேன்மெழுகு எல்லாம் கலந்தது, சிட்ரோனெல்லா வாசம் வரும். புதிதில் மேலும் கீழும் மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி விட்டுத் துணியால் துடைத்தால் போதும். அடிப்பக்கம் முக்கியம், அங்கேதான் தோல் மூடாமல் குடிக்கும். பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை. போல்ட்டைத் தொட்டுத் தொட்டு முறுக்கவும் கூடாது. தொய்வு கண்ணுக்குத் தெரிந்தால் கால் சுற்று, அதோடு சரி.

வாணியம்பாடியிலிருந்து காற்று முதுகுக்கு வந்தது. காதில் இரைச்சல் சட்டென்று நின்றுபோய், செயின் சத்தம் கேட்கிறது, டயர் சத்தம் கேட்கிறது. விண்ணமங்கலம், மின்னூர் எல்லாம் எப்போது வந்தது எப்போது போனது என்று தெரியவில்லை. ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு எதிர்காற்றில் ஓட்ட முடியாது. பின்காற்றில் முடியும்.

பின்காற்றில் ஒரு தொல்லை உண்டு. காற்றின் வேகமும் நம் வேகமும் ஒன்றானால் உடம்பில் காற்றே படாது. மத்தியான வெயிலில் வியர்வை கொட்டும். ரெக்சின் மூடிய சீட்டில் அந்த வியர்வை அப்படியே தங்கிப் புழுங்கும். தோல் கொஞ்சத்தைக் குடித்துக்கொள்கிறது. அன்று மாலை வீட்டில் தொட்டுப் பார்த்தபோது குழி விழுந்த இடம் மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. நிழலில் விட்டேன், காலையில் காய்ந்திருந்தது.

மாதனூர் தாண்டிப் பாலாறு கண்ணில் படும்போதெல்லாம் தோல்காரனுக்கு ஒரு உறுத்தல் வரத்தான் செய்யும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொன்னது இந்த ஆற்றையும் இதன் கரையில் கெட்டுப்போன கிணறுகளையும் வைத்துத்தான். பட்டைத் தோல் என்பதாலேயே அது சுத்தம் என்று யாரும் விற்றால் நம்பாதீர்கள், அந்தக் கழிவு நீரும் சுத்திகரித்துத்தான் வெளியே போக வேண்டும். நான் இதை வாங்கியதற்குக் காரணம், பல வருடம் உழைக்கிற பொருளுக்குப் போகிற தோல் வீணில்லை என்று நினைப்பதுதான்.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி வேலூர் வந்தபோது இருட்டவில்லை. மறுநாள் மேசை முன்னால் நாள் முழுக்க நின்றேன். வலி கழுத்திலும் தோளிலும் இருந்தது, காற்றைக் குனிந்து தள்ளியதற்கான கூலி. உட்காரும் இடத்தில் ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். இதன் விலைக்கு இங்கே ஒரு சாதாரண சைக்கிளே வாங்கலாம். புதிய தோல் யாருக்கும் சட்டென்று இணங்காது, சில நூறு கிலோமீட்டர் பொறுக்க வேண்டும். முதல் வாரமே நீண்ட பயணம் கிளம்பாதீர்கள், தினமும் வேலைக்குப் போய்வந்து பழக்குங்கள். சீட்டைத் தண்டில் பிடிக்கிற கம்பிகள் நீளம் குறைவு, முன்னும் பின்னும் தள்ளிப் பொருத்த அதிகம் இடமில்லை. மழை இதன் எதிரி. நனைந்த பட்டைத் தோல் மேல் உட்கார்ந்து ஓட்டினால் அது நீண்டுவிடும், திரும்ப வராது. பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். நனைந்தே விட்டால் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்காமல் நிழலில் காய விடுங்கள். வேலூர் வெயில் மழையைவிடக் குறைந்த எதிரி இல்லை. நாள் முழுக்க வெட்டவெளியில் சைக்கிளை நிறுத்துகிறவர்களுக்குத் தோல் வறண்டு விரிசல் விடும். அவர்களுக்கும், மாட்டுத்தோலே வேண்டாம் என்பவர்களுக்கும் அதே கம்பெனியின் கேம்பியம் இருக்கிறது. இயற்கை ரப்பரும் துணியும் சேர்த்தது, மழைக்கு அஞ்சாது. ஆனால் அது உங்கள் உடம்பைக் கற்றுக்கொள்ளாது.

பழைய பி17 மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். முதலில் ரிவெட்டைச் சுற்றிப் பாருங்கள், அங்கே கிழிசல் தொடங்கியிருந்தால் வேண்டாம். போல்ட்டைப் பாருங்கள், மரை முழுக்க வெளியே தெரிந்தால் இழுக்கிற அளவுக்கு இழுத்தாயிற்று. பக்கவாட்டுத் தோல் வெளிப்பக்கம் விரிந்து நடு தொங்கினால் யாரோ மழையில் ஓட்டியிருக்கிறார்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் முன்னவர் விட்ட குழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் அளவு அவர் அளவுக்கு ரொம்ப வித்தியாசமில்லை என்றால், கொஞ்ச நாளில் அது உங்கள் பக்கம் வந்துவிடும்.